153 மீன், 153 அருள்நிறை மரியே: தியானத்தில் குறியீடு தேடுவது எப்படி?

முத்துமணி | 2025 மே 5, காலை 7.10

நேற்றுத் திருப்பலியில் யோவான் 21, உயிர்த்த இயேசு கரையில் நிற்கச் சீடர்கள் மீன் பிடிக்கும் பகுதி. வலையில் 153 பெரிய மீன்கள். முழுச் செபமாலைக்கு 15 தேவ இரகசியம் (இயேசு, மரியா வாழ்வின் நிகழ்ச்சிகள்), ஒவ்வொன்றுக்கும் பத்தாக 150 அருள்நிறை மரியே, தொடக்கத்தில் 3. ஆக 153! தற்செயலாக இருக்கவே முடியாது என்பது என் கட்சி. மே மாத வணக்கத்தில் இதைச் சொல்லலாம் என்றிருக்கிறேன். இதுபோன்ற மறைபொருள்களைச் செபத்திலேயே கண்டெடுக்க ஏதாவது வழிமுறை உண்டா?

கரையோரன் | மே 5, காலை 9.40

வணக்கத்தில் சொல்லிவிடாதீர்கள். 150 வந்தது திருப்பாடல்களிலிருந்து. 150 திருப்பாடல்களையும் வாசிக்கத் தெரியாதவர்கள் அதே எண்ணிக்கையில் கர்த்தர் கற்பித்த செபமும், பிற்பாடு மங்கள வார்த்தை செபமும் (அதுதான் அருள்நிறை மரியே) சொன்னார்கள். 1569இல் திருத்தந்தை ஐந்தாம் பயஸ் செபமாலையைப் பற்றி எழுதிய மடலிலும் தாவீதின் சங்கீத எண்ணிக்கைப்படி 150 என்றே இருக்கிறது. மீன் அங்கே வரவில்லை. தொடக்கத்து மூன்றும் விசுவாசம், நம்பிக்கை, அன்புக்காகச் சேர்ந்தவை.

மூன்று வேளையாகப் பிரித்துச் சொன்னால் ஒவ்வொரு வேளைக்கும் அந்த மூன்று உண்டு, 159 ஆகிவிடும். 2002இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் ஒளியின் தேவ இரகசியங்கள் ஐந்தைச் சேர்த்தபின் மொத்தம் 203. வலையில் ஐம்பது மீன் கூடிவிட்டதா என்ன?

வழிமுறை பற்றி மாலையில்.

முத்துமணி | மே 5, காலை 9.52

சரி, கட்சி கலைந்தது. 153க்கு வேறு அர்த்தமாவது உண்டா?

கரையோரன் | மே 5, இரவு 8.30

பழைய விடைகள் சில. புனித அகுஸ்தினார் கணக்கு வாத்தியார்: 1 முதல் 17 வரை கூட்டினால் 153, அந்த 17 என்பது 10 கட்டளையும் தூய ஆவியாரின் 7 கொடைகளும். விவிலியத்தை இலத்தீனில் பெயர்த்த எரோணிமுஸ் எசேக்கியேல் 47க்கு எழுதிய உரையில், மீன்களில் 153 வகை என்று அக்கால எழுத்தாளர்கள் சொல்வதாகச் சொல்லி, எல்லா வகை மனிதரும் வலையில் என்று கொண்டுபோகிறார். அவர் சுட்டும், மீன்களைப் பற்றிப் பாடிய கவிஞர் ஒப்பியானின் நூல் இன்றும் இருக்கிறது, அந்த எண் அதில் இல்லை. பிற்கால ஆய்வாளர்கள் அதே எசேக்கியேல் 47:10இல் வரும் ஏன்கேதி, ஏன் எக்லயிம் ஊர்ப்பெயர்களின் எபிரேய எழுத்துகளுக்கு எண்மதிப்புப் போட்டார்கள். கேதி 17, எக்லயிம் 153. அழகுதான். ஆனால் கிரேக்கத்தில் நற்செய்தி கேட்டவர்கள் எபிரேய எண்மதிப்பு எப்படிப் போட்டிருப்பார்கள் என்று கேட்டால் பதில் கிடையாது.

இத்தனையும் படிப்பு. செபநேரத்தில் இவை எதுவும் வேண்டாம். தியானத்தில் 153ஐ எடுத்தால் முதல் கேள்வி, யார் எண்ணினார்கள்? எழுவர், ஈர வலை, விடியற்காலை. மீனவர்கள் பங்கு பிரிக்க எண்ணுவார்கள். கரையில் ஆண்டவர் காலை உணவோடு காத்திருக்கிறார், இவர்கள் மீன் எண்ணிக்கொண்டிருக்கிறார்களா, அல்லது சாப்பிட்டபின் எண்ணினார்களா? அந்த இடத்தில் நின்றாலே அரைமணி ஓடிவிடும்.

மறைக்கல்வி டீச்சர் | மே 5, இரவு 9.15

கரையோரன் ஐயா சொல்வதற்குத் திருச்சபையின் மறைக்கல்வி நூலில் எண் 115 முதல் 118 வரை அடிப்படை. முதலில் சொற்பொருள். அதன்மேல்தான் ஆன்மப் பொருள் மூன்று: கிறிஸ்துவை நோக்கிக் காட்டுவது, நடக்கச் சொல்வது, இறுதிக் காலத்தை நோக்கி இழுப்பது. அங்கேயே உதாரணம் இருக்கிறது, செங்கடலைக் கடந்தது கிறிஸ்துவின் வெற்றிக்கும் திருமுழுக்குக்கும் அடையாளம். கடல் கடந்ததை விட்டுவிட்டு நேரே திருமுழுக்குக்குப் போனால் மேல்மாடி மட்டும் இருக்கிற வீடு. வகுப்பில் பிள்ளைகள் "மீன் என்றால் என்ன அர்த்தம்?" என்று கேட்கும்போது நான் "முதலில் மீன் என்றால் மீன்" என்பேன்.

கரையோரன் | மே 6, காலை 6.20

இனி வழிமுறை. யோவான் 21:1-14 மட்டும். 15 முதல் வேறு நாள். 25 வசனத்தையும் ஒரே அமர்வில் எடுத்தால் எதிலும் நிற்க முடியாது.

அடித்தளம் இரண்டு. ஒன்று, 12ஆம் நூற்றாண்டில் கார்த்தூசியத் துறவி இரண்டாம் கிகோ வகுத்த நான்கு படி: வாசிப்பு, சிந்தனை, மன்றாட்டு, ஆழ்ந்த தியானம். மற்றது இயேசு சபையை நிறுவிய இஞ்ஞாசியாரின் ஆன்மப் பயிற்சிகள் என்ற நூல், 1548இல் திருத்தந்தையின் ஒப்புதல் பெற்றது. அதில் எண் 306 இதே பகுதிதான். மூன்று குறிப்பு தருகிறார்: இரவெல்லாம் ஒன்றும் அகப்படவில்லை, அன்புச் சீடர் ஆண்டவரை அடையாளம் கண்டார், உணவுக்குப்பின் பேதுருவிடம் மும்முறை அன்பைப் பற்றிய கேள்வி. அவ்வளவே. தியானம் சொல்லிக்கொடுப்பவர் குறிப்பைச் சுருக்கமாகத் தரவேண்டும் என்பது அவருடைய இரண்டாம் குறிப்புரை. நிறைய அறிவு ஆன்மாவை நிரப்பாது, உள்ளே உணர்ந்து சுவைப்பதே நிரப்பும் என்கிறார். நம் தியானப் பிரசங்கிகளுக்கு அச்சடித்துக் கொடுக்கலாம்.

முந்தின இரவே பகுதியை ஒருமுறை வாசித்துவிடுங்கள். காலையில் இருக்கைக்கு ஓரிரு அடி முன்னால், ஒரு கர்த்தர் கற்பித்த செபம் சொல்லும் நேரம் நின்று, யார் முன்னிலையில் உட்காரப் போகிறோம் என்று நினையுங்கள். பிறகு வாய்விட்டு மெதுவாக இரண்டு தடவை வாசிப்பு. புத்தகத்தை மூடுங்கள். போனில் வாசிப்பவர்கள் அதை அடுத்த அறையில் வைத்துவிட்டு வாருங்கள், இல்லாவிட்டால் பத்தாவது நிமிடத்தில் "கரித்தீ அர்த்தம்" என்று தேடிக்கொண்டிருப்பீர்கள்.

அடுத்தது இடத்தைக் காண்பது. கற்பனைக்கு அளவு தேவை. படகில் எழுவர் (வசனம் 2ஐ எண்ணிப் பாருங்கள், பெயரில்லாத இருவரும் உண்டு). 1986இல் கலிலேயாக் கடலோரம் கினோசரில் சேற்றிலிருந்து எடுத்த பழைய படகு ஏறத்தாழ 8.2 மீட்டர் நீளம், 2.3 மீட்டர் அகலம். அந்த அளவுப் படகில் ஏழு பேரும் ஈர வலையும் என்றால் கால் நீட்ட இடமிருக்காது. கரைக்கு இருநூறு முழம், சுமார் 90 மீட்டர். குரல் கேட்கும், முகம் தெரியாது. "அவர் இயேசு என்று தெரியவில்லை" என்ற வசனத்துக்கு ஆழ்ந்த அர்த்தம் தேடுவதற்கு முன்னால் இந்தத் தூரத்தையும் அரையிருட்டையும் வையுங்கள்.

பிறகு ஐம்புலன்: புகை வாசனை, நனைந்த துணி, கல்லில் கால், சுட்ட மீன். ஒரு பொருளில் மனம் தங்கினால் அங்கேயே இருங்கள். வேண்டியது கிடைத்த இடத்தில், திருப்தியாகும்வரை முன்னேறும் அவசரமின்றி இருக்கச் சொல்கிறார் இஞ்ஞாசியார் (எண் 76). முடிவில் நண்பர் நண்பரிடம் பேசுவதுபோல் ஆண்டவரிடம் பேச்சு. பேச ஒன்றும் வராவிட்டால், அதுவரை நடந்தது தியானம் இல்லை, பிரசங்கத் தயாரிப்பு என்று பொருள்.

இதற்கு அரைமணி. முடிந்தபின் எழுந்து உட்கார்ந்தோ நடந்தோ கால்மணி நேரம் திரும்பிப் பார்த்தல். நோட்டுப் புத்தகம் இப்போதுதான் திறக்கவேண்டும். இடப்பக்கம் பார்த்தது, வலப்பக்கம் அந்தப் பொருள் திருவிவிலியத்தில் வேறெங்கே வருகிறது என்பது. பொது மொழிபெயர்ப்பின் அடிக்குறிப்பில் உள்ள இணை வசனங்களையும் இப்போதுதான் பார்க்கவேண்டும்.

கரையோரன் | மே 6, பகல் 1.05

விட்டுப்போனது: உதாரணம். இடப்பக்கம் "கரியினால் மூட்டிய தீ" (21:9). வலப்பக்கம் யோவான் 18:18. தலைமைக் குரு வீட்டு முற்றத்தில் பேதுரு குளிர்காய்ந்து, இயேசுவைத் தெரியாது என்று மறுதலித்ததும் கரித்தீ அருகில்தான். இப்படிக் கரித்தீ மூட்டியிருப்பதைப் புதிய ஏற்பாட்டில் இந்த இரண்டு இடத்தில்தான் காண்கிறோம். புகை வாசனை பேதுருவுக்கு எதை நினைவூட்டியிருக்கும் என்று புரிகிறதா? அகராதியில் தேடிக் கிடைக்கும் குறியீடு இல்லை இது. தீயருகில் உட்கார்ந்தவனுக்குத்தான் பிடிபடும்.

பழைய பாடற்குழு | மே 6, பகல் 2.30

நான்கு நற்செய்தியிலும் பேதுரு தீக்காய்கிறாரே, யோவானுக்கு மட்டும் ஏன் தனிச் சலுகை?

மறைக்கல்வி டீச்சர் | மே 6, பகல் 3.00

நான்கிலும் இல்லை. மத்தேயுவில் தீயே கிடையாது. மாற்கு 14:54, லூக்கா 22:55 இரண்டிலும் தீ உண்டு, கரி என்ற விவரம் இல்லை. கரியைச் சொல்வது யோவான் மட்டும், அதையே 21இலும் சொல்கிறார். ஒரே ஆசிரியர் ஒரே பொருளை இரண்டு இடத்தில் வைக்கும்போது அதைக் குறியீடாக எடுக்கத் துணியலாம். நான்கு ஆசிரியர்களிடமிருந்து ஆளுக்கொன்றாகப் பொறுக்கிச் சேர்த்தால் எதையும் எதோடும் முடிச்சுப் போட்டுவிடலாம்.

பழைய பாடற்குழு | மே 6, பகல் 3.20

அப்படியானால் எசாயா 6? செராபீன் என்ற வானவர் பலிபீடத்திலிருந்து நெருப்புக் கங்கை எடுத்து எசாயாவின் உதட்டைத் தொடுகிறார். மறுதலித்த உதடு, கரி, மன்னிப்பு. பொருந்துகிறதே.

கரையோரன் | மே 6, இரவு 9.00

பொருந்துகிறது. ஆனால் யோவான் அதைச் சுட்டினார் என்று சொல்ல முடியாது. 21இல் கரி யார் உதட்டையும் தொடவில்லை, அதன்மேல் மீன்தான் இருக்கிறது. அதேநேரம் சுரியானி (கீழைத் திருச்சபை) மரபில் எசாயாவின் கங்கை நற்கருணையாகக் கொள்வது பழைய வழக்கு, புனித எப்ரேமிடமே உண்டு. அதனால் நற்கருணை வாங்கியபின் தனிச் செபத்துக்கு இது தாராளமாக ஆகும். "யோவான் 21இன் பொருள் இதுதான்" என்று மறைக்கல்வி வகுப்பில் சொல்லக் கூடாது.

பேதுரு ஆடையை வரிந்து கட்டிக்கொண்டு கடலில் குதித்ததை (21:7) ஆதாமின் நிர்வாணத்தோடு முடிச்சுப்போடுவதும் இதே ரகம். ஆதாம் ஒளிந்துகொண்டான், பேதுரு ஓடிவருகிறான் என்பது செபிக்க நல்ல எதிரிணை. மேடையேற்றும் அளவுக்கு ஆதாரம் போதாது.

கரையோரன் | மே 7, காலை 6.45

உடையாத வலையைப் பற்றி ஒருவர் தனிமடலில் கேட்டார். லூக்கா 5:6இல் வலை கிழியத் தொடங்குகிறது, யோவான் 21:11இல் கிழியவில்லை. அகுஸ்தினார் இரண்டையும் பக்கத்தில் வைக்கிறார்: முதலாவது இப்போதுள்ள திருச்சபை, நல்லவரும் கெட்டவரும் கலந்து, கிழிசலோடு. இரண்டாவது உயிர்ப்புக்குப் பின், வலை வீசியது வலப்பக்கம் மட்டும், கிழிசல் இல்லை. 17 வரை கூட்டும் கணக்கைவிட எனக்கு இதுவே பலமாகத் தெரிகிறது. ஒற்றுமையை விட்டு வேற்றுமையிலிருந்து அர்த்தத்தை எடுக்கிறார், கவனித்தீர்களா?

முத்துமணி | மே 8, இரவு 10.15

வெண்புகை, புதிய திருத்தந்தை! இதுவும் கரித்தீயா என்று கேட்டு அடிவாங்க விருப்பமில்லை.

பழைய பாடற்குழு | மே 8, இரவு 11.50

பதினான்காம் லியோ அகுஸ்தினார் சபைக்காரர். இனி உலகம் முழுக்க 1 முதல் 17 வரை கூட்டவேண்டியதுதான்.

மறைக்கல்வி டீச்சர் | மே 9, காலை 7.00

மாடத்தில் நின்று மக்களோடு அருள்நிறை மரியே சொன்னாரே, அது பிடித்தது. மே 8 பொம்பேய் செபமாலை அன்னைக்கு மன்றாடும் நாள். நான்கு நாள் முன்னால் ஞாயிறு வாசகம் "என் ஆடுகளைப் பேணி வளர்". கர்தினால்மார் கூடுவதற்கு முந்தின ஞாயிறு இது அமைந்தது நாள்காட்டியின் வேலை. இருந்தாலும் நன்றாக அமைந்தது.

கரையோரன் | மே 12, இரவு 8.40

"மூன்று நாளாக அதே பகுதி, ஒன்றும் வரவில்லை, அடுத்த பகுதிக்குப் போகலாமா" என்ற கேள்விக்கு.

போகவேண்டாம். ஆன்மப் பயிற்சியின் இரண்டாம் வாரத்தில் ஒரு நாளைக்கு ஐந்து தியானம். புதிய பகுதி இரண்டுதான். மூன்றாவதும் நான்காவதும் அந்த இரண்டையே திரும்பச் செய்தல், ஐந்தாவது ஐம்புலனால் அதையே மீண்டும் சுவைத்தல். திரும்பச் செய்வது என்றால் முழுப் பகுதியையும் மறுபடி ஓட்டுவது கிடையாது. ஆறுதலோ வறட்சியோ அதிகம் உணர்ந்த இடத்துக்கு மட்டும் திரும்பவேண்டும். வறட்சியும் குறிப்புதான். 21:3இல் எரிச்சல் வந்தால் ("அன்றிரவு ஒன்றும் அகப்படவில்லை") அங்கேயே உட்காருங்கள். வறண்ட நாளில் நேரத்தைக் குறைக்காமல் கொஞ்சம் கூட்டி இருக்கச் சொல்வது எண் 13.

வறட்சிக்கு வேறு சாதாரணக் காரணங்களும் உண்டு. மிக நீளமான பகுதி, விளக்கவுரையை முதலில் படித்தது, தூக்கம். மூன்றாவதுதான் அதிகம். இரவு பத்தரைக்குப் படுக்கையில் சாய்ந்து செய்வதைத் தியானம் என்று சொல்லமுடியாது.

முத்துமணி | மே 28, காலை 8.00

31ஆம் தேதி மரியா எலிசபெத்தைச் சந்தித்த விழா. அன்றே மே மாத நிறைவும். மரியாவே உடன்படிக்கைப் பேழை (பத்துக் கட்டளைப் பலகைகளை வைத்த பெட்டி) என்பதைச் செபமாலையில் எப்படிக் கொண்டுவருவது? இம்முறை முதலிலேயே கேட்டுவிடுகிறேன்.

கரையோரன் | மே 28, இரவு 9.30

மகிழ்ச்சி நிறை தேவ இரகசியத்தில் இரண்டாவது, அந்தச் சந்திப்புதான். பத்து செபமணிக்கும் பத்து வசனம், ஒவ்வொரு அருள்நிறை மரியேக்கும் முன் ஒன்று. முதல் இரண்டு: விடுதலைப் பயணம் 40:35 (மேகம் கூடாரத்தின்மேல் தங்குதல்), லூக்கா 1:35 (வல்லமை நிழலிடுதல்). அடுத்து 2 சாமுவேல் 6:2 (தாவீது புறப்பட்டு யூதாவுக்குப் பேழையை எடுக்கப் போதல்), லூக்கா 1:39 (மரியா புறப்பட்டு யூதேய மலைநாட்டுக்கு). 2 சாமுவேல் 6:9 (பேழை என்னிடம் வருவதெப்படி), லூக்கா 1:43 (ஆண்டவரின் தாய் என்னிடம் வர நான் யார்). 2 சாமுவேல் 6:16 (தாவீது குதித்து ஆடுதல்), லூக்கா 1:44 (குழந்தை துள்ளுதல்). கடைசியாக 2 சாமுவேல் 6:11 (ஓபேது ஏதோம் வீட்டில் மூன்று மாதம்), லூக்கா 1:56 (ஏறக்குறைய மூன்று மாதம்). 16ஐ 11க்கு முன் வைத்தது லூக்காவின் வரிசைக்காக.

நடைமுறையில் கெட்டுப்போகிற இடங்கள். வசனம் வாசிப்பவரும் செபம் தொடங்குபவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது, மூச்சுவிட இடமிருக்காது. "இரண்டு சாமுவேல் ஆறு ஒன்பது" என்று அதிகாரம், எண் எல்லாம் சத்தமாகச் சொல்லவேண்டாம், வசனம் மட்டும் போதும். வசனத்துக்குப்பின் ஒரு மூச்சளவு அமைதி. இப்படிப் பத்து செபமணி சொல்ல எட்டு முதல் பத்து நிமிடம் பிடிக்கும். ஐந்தையும் இப்படிச் செய்தால் குழந்தைகள் தூங்கிவிடும், பெரியவர்கள் கடிகாரம் பார்ப்பார்கள். ஒன்றை மட்டும் இப்படிச் செய்து மற்ற நான்கையும் வழக்கம்போல் சொல்லுங்கள். தியானம் இல்லாத செபமாலை ஆன்மா இல்லாத உடல் என்று திருத்தந்தை ஆறாம் பவுல் 1974இல் எழுதினார். நேரம் கடந்த செபமாலையைப் பற்றி அவர் எழுதவில்லை.

மறைக்கல்வி டீச்சர் | மே 29, காலை 6.50

மூன்று மாதத்தில் எச்சரிக்கை வேண்டும் ஐயா. 1:36இல் எலிசபெத்துக்கு ஆறாம் மாதம். ஆறும் மூன்றும் ஒன்பது. லூக்கா சாதாரணமாகப் பேறுகாலக் கணக்குச் சொல்லியிருக்கலாம். அங்கே பேழை தேவையே இல்லை.

கரையோரன் | மே 29, இரவு 8.10

சரியான சோதனை. அந்த இணையை மட்டும் தனியாக நிறுத்தினால் விழுந்துவிடும், கூட்டத்தில்தான் நிற்கும். கூட்டத்துக்குப் பலம் தருவது வழிபாடு: ஆகஸ்டு 15 விண்ணேற்பு விழா முதல் வாசகம் திருவெளிப்பாடு 11:19இல் தொடங்குகிறது. விண்ணகத்தில் பேழை தெரிகிறது, அடுத்த வசனத்திலேயே கதிரவனை ஆடையாக உடுத்திய பெண். திருச்சபை இரண்டையும் சேர்த்தே வாசிக்கிறது.

நான் அதைவிட உசாவைக் கவனிக்கச் சொல்வேன். 2 சாமுவேல் 6:7இல் பேழையைக் கைநீட்டிப் பிடித்த உசா அங்கேயே சாகிறான். தாவீதின் கேள்வி அந்தப் பயத்தில் வந்தது. எலிசபெத்தின் கேள்வி மகிழ்ச்சியில் வந்தது. பேழையைத் தொட்டவன் செத்தான், மரியாவின் வாழ்த்தைக் கேட்ட வீட்டில் குழந்தை துள்ளுகிறது. இணைகளைப் பட்டியல் போடுகிறவர்கள் உசாவை விட்டுவிடுகிறார்கள், பொருந்தவில்லை என்று. பொருந்தாத இடத்தில்தான் உட்காரவேண்டும். தூயவர் அருகில் வரும்போது பயமா, துள்ளலா என்று கேட்க இதைவிட நல்ல இடம் இல்லை.

பழைய பாடற்குழு | மே 30, மாலை 6.15

நாங்கள் வருடக்கணக்காக மாதா பிரார்த்தனையில் "வாக்குத்தத்தத்தின் பெட்டகமே" என்று ராகம் போட்டுப் பாடுவதும் இதே பேழைதானா! "பரலோகத்தின் வாசலே" யாக்கோபின் ஏணியா?

மறைக்கல்வி டீச்சர் | மே 30, மாலை 6.40

அதேதான். தொடக்க நூல் 28:17, "இது விண்ணுலகின் வாயில்". "தாவீது இராஜாவின் உப்பரிகை" இனிமைமிகு பாடல் 4:4, "தந்தமயமான உப்பரிகை" 7:4. திருத்தந்தை ஐந்தாம் சிக்ஸ்துஸ் 1587இல் ஒப்புதல் கொடுத்த லொரேத்தோ பிரார்த்தனை அது. ஓட்டமாகச் சொல்லிமுடிக்கிறோம். வாரம் ஒரு புகழை எடுத்து மேலே சொன்ன நோட்டு முறையில் செய்தால் ஒரு வருடத்துக்கு வேலை இருக்கிறது.

முத்துமணி | ஜூன் 5, இரவு 9.00

நாளை வெள்ளி வாசகம் யோவான் 21:15-19. எங்கள் அன்பியத்தில் (பங்கின் சிறு குழு) பத்துப் பேர். குழுவாகச் செய்ய எவ்வளவு நேரம், எத்தனை அமைதி?

கரையோரன் | ஜூன் 5, இரவு 10.10

நாற்பது நிமிடம். இரண்டு வாசிப்பு, வேறுவேறு குரலில். நடுவில் மூன்று நிமிடம் அமைதி, இரண்டாவதுக்குப்பின் பத்து நிமிடம். பிறகு ஒருவர் ஒரு சொல் அல்லது ஒரு பொருள் மட்டும் சொல்லட்டும், விளக்கம் வேண்டாம். விளக்கத் தொடங்குகிறவரை அன்போடு நிறுத்த ஓர் ஆளை முன்கூட்டியே நியமியுங்கள், இல்லாவிட்டால் ஒருவரே இருபது நிமிடம் எடுப்பார். மூன்று மறுதலிப்புக்கு மூன்று கேள்வி என்பது எல்லோருக்கும் தெரியும், அதை முதலிலேயே சொல்லித் தீர்த்துவிடுங்கள். மூன்றாம் முறை கேட்டபோது பேதுரு துயருற்றார் (வசனம் 17). அந்தத் துயரத்தில் அவர்களை நிறுத்துங்கள். முந்தைய பகுதியின் கரித்தீ இன்னும் அருகில்தான் எரிகிறது, அதை நீங்களாகச் சொல்லவேண்டாம். யாராவது சொல்கிறார்களா பாருங்கள்.

20 முதல் 25 வரை சனிக்கிழமை வாசகம். "இவருக்கு என்ன ஆகும்?" என்று அடுத்தவரைப் பற்றி பேதுரு கேட்கும் பகுதி. அன்பியத்தில் அதையும் சேர்த்து எடுத்தால் பேச்சு அடுத்தவர்களைப் பற்றியே போய்விடும். தனியாக வையுங்கள்.